வால்வு செட் கரகரக்கிறதா? பெட்டியைத் திறக்கும் முன் படியுங்கள்!

ஆடித் தபசு முடிந்து சங்கரன்கோவில் கொஞ்சம் ஓய்ந்ததும், ராஜபாளையம் சாலையில் இருக்கும் கரிவலம்வந்தநல்லூரில் அடுத்த பரபரப்பு ஆரம்பித்துவிடும். பால்வண்ணநாதர் கோயிலில் ஒப்பனையம்மாளுக்கு ஆவணித் தபசு. சுற்றுப்பட்டிக் கிராமங்களிலோ அம்மன் கோயில் கொடைகள் ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கும். கொடை என்றால் பந்தல், மேளம், வில்லுப்பாட்டு. அதோடு ரேடியோ செட்டும் வேண்டும். விடிந்ததும் எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு குழாயில் கேட்டால்தான் ஊருக்குத் திருவிழா வந்ததாக அர்த்தம்.

இன்று பெரும்பாலும் பெட்டி ஸ்பீக்கரும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரும்தான் வருகின்றன. ஆனாலும் தென்மாவட்டங்களில் அப்பா காலத்து வால்வு செட்டைப் பரணில் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இசைத்தட்டு, கூம்புக் குழாய், வால்வு ஆம்ப்ளிஃபயர் மூன்றையும் தேடி வாங்கிச் சேர்க்கும் இளைஞர்களும் உண்டு. இன்னொரு பக்கம், மெல்லிசைக் குழுவிலும் சர்ச் பாடகர் குழுவிலும் கிடார் வாசிக்கிற பிள்ளைகள் வால்வு கிடார் ஆம்ப்ளிஃபயர் மேல் ஆசைப்பட்டு, பழைய பெட்டி ஒன்றை வாங்கி வந்துவிடுகிறார்கள்.

இரண்டு வீட்டிலும் வரும் சிக்கல் ஒன்றுதான். சுவிட்சைப் போட்டால் சத்தம் கம்மி. இல்லை, கரகரப்பு. இல்லை, 'உம்ம்ம்' என்று ஓயாத இரைச்சல். ‘வால்வெல்லாம் போச்சு, தூக்கிப் போடுங்க' என்று யாராவது சொல்லிவிடுவார். பழைய இரும்புக்காரர் டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கும் செம்புக்கு ஒரு விலை சொல்வார். அப்படிப் போன நல்ல செட்டுகள் எத்தனையோ. அவற்றில் பலவற்றுக்கு வந்திருந்த நோய் ஒரு கண்டன்சரோ, ஒரு வயரோதான்.

எது சின்னக் குறை, எது பெரிய குறை, எதை வீட்டில் பார்க்கலாம், எதில் கை வைக்கவே கூடாது என்பதை இந்த வாரம் பார்க்கலாம்.

ஒரே குடும்பம்

கொடைக்குக் கட்டும் ரேடியோ செட்டும் கிடார் ஆம்ப்ளிஃபயரும் பார்க்க வேறு வேறாக இருக்கும். உள்ளே எலும்புக்கூடு ஒன்றுதான். மைக்கிலிருந்தோ கிடாரிலிருந்தோ வரும் மின்சாரம் மிக மெல்லியது. முன்னால் இருக்கும் சின்ன வால்வுகள் அதைப் பெருக்குகின்றன. அடுத்த வால்வு அதை இரண்டாகப் பிரித்து, பின்னால் நிற்கும் இரண்டு பெரிய வால்வுகளுக்குக் கொடுக்கிறது. ஒன்று தள்ள, ஒன்று இழுக்க, இரண்டும் மாறி மாறி வேலை செய்யும். கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் அந்தச் சக்தியை ஸ்பீக்கர் தாங்கும் அளவுக்கு மாற்றிக் கொடுக்கும்.

வால்வு என்பது காற்றை உறிஞ்சி மூடிய கண்ணாடிக் குப்பி. உள்ளே ஒரு இழை சூடேறும். அந்தச் சூட்டில் எலக்ட்ரான்கள் கிளம்பி எதிரே இருக்கும் தகட்டுக்கு ஓடும். 1904-ல் ஜான் ஃபிளெமிங் இதன் முதல் வடிவத்தைச் செய்தார். இரண்டே வருடத்தில் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் நடுவில் ஒரு கம்பி வலையை வைத்தார். வலையில் கொடுக்கும் சிறு அசைவு தகட்டில் பெரிய அசைவாக வருகிறது. மடை ஷட்டரை லேசாகத் தூக்கினால் வாய்க்கால் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற மாதிரி. ஒலிபெருக்கியின் மொத்த ரகசியமும் அந்த வலைதான்.

சின்ன வால்வு பெரும்பாலும் ஈசிசி 83. அமெரிக்கப் பெயர் 12ஏஎக்ஸ்7. பெரிய வால்வு இஎல் 34 ஆகவோ, 6எல்6 ஆகவோ இருக்கும். 1962-ல் லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், அமெரிக்க ஃபெண்டர் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைப் பார்த்துத் தன் முதல் கிடார் ஆம்ப்ளிஃபயரைச் செய்ய வைத்தார். பின்னால் அவருடைய பெட்டிகளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது இஎல் 34. நம் ஊர் ஒலிபெருக்கிகளிலும் அதே வால்வு உண்டு. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1960-களில் ஃபிலிப்ஸ் கூட்டுறவோடு இந்தியாவிலேயே வால்வு தயாரித்தது. பழைய செட்டுகளில் அந்த ‘பெல்' முத்திரையை இப்போதும் பார்க்கலாம்.

வால்வு சத்தம் ஏன் காதுக்கு இதமாக இருக்கிறது? அளவுக்கு மேல் சத்தம் வைத்தால் டிரான்சிஸ்டர் ஒலி அலையின் தலையைச் சட்டென்று வெட்டிவிடும். வால்வு மெல்ல வளைத்து மட்டுப்படுத்தும். கிடார் வாசிப்பவர் தேடுவது அந்த வளைவைத்தான். கோயில் குழாயில் நாகஸ்வரமும் சீர்காழி கோவிந்தராஜன் குரலும் கணீரென்று கேட்டதற்கு வால்வு பாதிக் காரணம். மனிதக் குரல் இருக்கும் நடு ஸ்தாயியை மட்டும் தூக்கிக் கொடுக்கிற கூம்புக் குழாய் மீதிக் காரணம்.

முதலில் உயிர்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். டிரான்சிஸ்டர் செட்டுக்குள் ஓடுவது சில பத்து வோல்ட். வால்வு செட்டுக்குள் 300 முதல் 500 வோல்ட் வரை நேர் மின்சாரம் ஓடும். அது ஆளைக் கொல்லும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டன்சர்கள் அந்த மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ‘கரண்ட்தான் இல்லையே' என்று கை வைத்துத் தூக்கி எறியப்பட்ட மெக்கானிக்குகள் உண்டு.

அடிப்பெட்டியைத் திறப்பது வேலை தெரிந்தவர் செய்ய வேண்டியது. அவர்களும் பிளக்கைப் பிடுங்கி, 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை வைத்துக் கண்டன்சரை வடியவிட்டு, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைப்பார்கள். மின்சாரம் ஓடும்போது அளந்தே ஆக வேண்டும் என்றால் ஒரு கை சட்டைப் பைக்குள் இருக்கும். இரண்டு கையும் பெட்டிக்குள் போனால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் பாயும்.

அடுத்தது எர்த். பழைய செட்டுகள் பலவற்றில் இரண்டு கம்பி வயர்தான் இருக்கும். உள்ளே ஒரு சின்னக் கண்டன்சர் மெயின் கம்பியையும் பெட்டித் தகரத்தையும் இணைத்திருக்கும். அது பழுதானால் பெட்டி முழுக்கக் கரண்ட்; பெட்டியோடு சேர்ந்த மைக் பிடியிலும் கிடார் தந்தியிலும் கரண்ட். 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீ நகரில், ‘ஸ்டோன் தி க்ரோஸ்' குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையில் மைக்கைத் தொட்டபோது ஷாக் அடித்து இறந்தார். வயது 27. எர்த் சரியாக இல்லாததே காரணம். ஈரத் துணியோடு சாமியாடி வந்து மைக்கைப் பிடிக்கிற நம் கொடையில் இதை நினைத்துப் பாருங்கள். பழைய செட்டை எடுத்தால் முதல் செலவு மூன்று கம்பி வயரும் எர்த்தும்தான். அந்தச் சின்னக் கண்டன்சரையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். இரைச்சல் குறைகிறது என்பதற்காக எர்த் பின்னை வெட்டுவது உயிரோடு விளையாடுவது.

மூன்றாவது விதி செட்டின் உயிரைக் காக்க. ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு ஆம்ப்ளிஃபயரில் பாட்டுப் போடக் கூடாது. போகும் வழி இல்லாத சக்தி அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளேயே பொறியாகப் பாய்ந்து சுற்றைக் கருக்கிவிடும். டிரான்சிஸ்டர் செட்டில் பழகியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

திறக்காமலே பார்க்க வேண்டியவை

மெக்கானிக்கிடம் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

"என்ன அண்ணாச்சி, செட்டு என்ன சொல்லுது?"

"போன கொடைக்கு நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. இந்தத் தடவை மூணாவது பாட்டுலயே கரகரங்குது."

"போட்ட உடனேயேவா, சூடான பிறகா?"

கடைசிக் கேள்விதான் முக்கியம். போட்ட உடனே குறை இருந்தால் வயர், கனெக்‌ஷன், கன்ட்ரோல் பக்கம் பார்க்க வேண்டும். சூடேறிய பிறகு வந்தால் வால்வு, கண்டன்சர் பக்கம் பார்க்க வேண்டும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் இதைக் கவனித்து வைத்தால் பாதி வேலை முடிந்தது.

பெட்டிக்கு வெளியே இருக்கும் குறைகளை முதலில் கழித்துவிடுங்கள். கிடார் வயரை மாற்றிப் பாருங்கள். வேறு மைக் போட்டுப் பாருங்கள். உள்ளே பேட்டரி வைத்த கிடார் என்றால் பேட்டரியைப் பாருங்கள். கரகரக்கும் ஆம்ப்ளிஃபயர் என்று வந்ததில் எத்தனையோ கேஸ், வயர் முனையில் ஈயம் விட்டுப்போனதாகத்தான் முடியும்.

அடுத்து ஸ்பீக்கர். கூம்பைக் கழற்றி உள்ளே பாருங்கள். வருடம் முழுக்கப் பரணில் கிடந்த குழாயில் குளவி கூடு கட்டியிருக்கலாம். கூம்புக்குப் பின்னால் இருக்கும் யூனிட்டைத் தனியே எடுத்து, சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியை அதன் இரு முனையிலும் தொட்டால் ‘டப்' என்று சுத்தமாகக் கேட்க வேண்டும். மீட்டர் வைத்தால், 16 ஓம் என்று போட்ட யூனிட் அதைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும், அது சரியே. எதுவும் காட்டவில்லை என்றால் டயாபிரம் போயிருக்கிறது. அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். குழாயைத் தூக்கிப் போட வேண்டாம்.

ஓம் கணக்கும் பொருந்த வேண்டும். 16 ஓம் யூனிட் இரண்டைப் பக்கவாட்டில் சேர்த்தால் 8 ஓம், நான்கைச் சேர்த்தால் 4 ஓம். ஆம்ப்ளிஃபயரின் பின்னால் அதே எண் போட்ட முனையில்தான் மாட்ட வேண்டும். மாற்றி மாட்டினால் சத்தம் குறையும், வால்வும் சீக்கிரம் தேயும்.

வயர் நீளத்தைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை 100 மீட்டர் தள்ளி இருக்கும் குழாய்க்கு இழுத்தால், போக வர 200 மீட்டர். அதன் தடை மட்டும் சுமார் 3.4 ஓம். 8 ஓம் குழாய் என்றால் சக்தியில் கிட்டத்தட்ட 30 சதவீதம் வயரிலேயே செலவாகிவிடும். இதற்காகத்தான் ஊர் ஒலிபெருக்கியில் 100 வோல்ட் முனை வைத்திருக்கிறார்கள். குழாய் ஒவ்வொன்றிலும் லைன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு அந்த முனையில் மாட்டினால் தூரத்துத் தெருவிலும் சத்தம் குறையாது. 50 வாட் செட் என்றால் 10 வாட் வீதம் ஐந்து குழாய். அதற்கு மேல் ஏற்றக் கூடாது.

கடைசியாக மின்சாரம். திருவிழா ராத்திரியில் எல்லா விளக்கும் எரியும்போது வோல்ட்டேஜ் இறங்கும். 230 வோல்ட்டுக்குச் செய்த செட்டுக்கு 180 வோல்ட்தான் வந்தால், 6.3 வோல்ட் கிடைக்க வேண்டிய வால்வு இழைக்கு 4.9 வோல்ட்தான் கிடைக்கும். இழை சரியாகச் சூடேறாது, சத்தம் சோர்ந்துவிடும். செட்டில் ஒரு குறையும் இருக்காது. பகலில் நன்றாகப் பாடி ராத்திரி மட்டும் சோர்கிற செட்டுக்கு மருந்து ஸ்டெபிலைசர்தான். பாட்டோடு சேர்ந்து ‘டிக் டிக்' என்று கேட்டால், ஆம்ப்ளிஃபயருக்கும் மினுக்கு சீரியல் விளக்குக்கும் ஒரே லைனில் கரண்ட் எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

சத்தத்தைக் கேட்டே நோய் சொல்லலாம்

வெளியே எல்லாம் சரி என்றால் இனி காதுக்கு வேலை.

உம்ம்ம் என்ற இரைச்சல்: வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் குறை பின்பக்கம், அதாவது பவர் சப்ளையில் அல்லது பெரிய வால்வில். வால்யூமோடு கூடிக் குறைந்தால் முன்பக்கம்: மைக் வயர், முதல் வால்வு, எர்த். காது பழகியவர்கள் இன்னொரு வித்தியாசமும் சொல்வார்கள். அடித்தொண்டையில் மெல்ல உறுமினால் அது நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். எர்த் அல்லது இழை வயரைப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, கொஞ்சம் முரட்டுத்தனமாக இரைந்தால் 100 ஹெர்ட்ஸ். ஃபில்டர் கண்டன்சர் காய்ந்துவிட்டது.

கன்ட்ரோலைத் திருகும்போது கரகரப்பு: வால்யூம், டோன் கன்ட்ரோலில் தூசி. கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது தடவை இப்படியும் அப்படியும் திருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் போகவில்லை என்றால் கன்ட்ரோலில் நேர் மின்சாரம் கசிகிறது; அது கண்டன்சர் குறை.

தானாகவே வெடிப்பும் சீறலும்: வால்வு சாக்கெட்டின் கவ்விகள் தளர்ந்திருக்கலாம், வால்வுக் கால்களில் பாசி பிடித்திருக்கலாம். இரண்டும் சுத்தம் என்றால், தகட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் பழைய கார்பன் ரெசிஸ்டர்கள்மேல் சந்தேகப்படலாம்.

தட்டினால் மணி அடிப்பது: பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு சின்ன வால்வையும் லேசாகத் தட்டுங்கள். மெல்லிய ‘டொக்' எல்லா வால்விலும் கேட்கும். ஒன்று மட்டும் மணி மாதிரி ‘டிங்ங்' என்று குழாயில் ஒலித்தால், அதன் உள்ளுறுப்புகள் தளர்ந்துவிட்டன. ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டியில் இருக்கும் கிடார் ஆம்ப்ளிஃபயரில் இந்தக் குறை அதிகம். ஸ்பீக்கரின் அதிர்விலேயே வால்வு உலுங்கி உலுங்கிக் கெடுகிறது. வால்வைக் கையால் தொடாதீர்கள், சுட்டுவிடும்.

கம்மலான, நெரிந்த சத்தம்: பெரிய வால்வு ஜோடியில் ஒன்று வேலை செய்யாமல் இருக்கலாம். இரண்டிலும் இழை ஒளிர்கிறதா என்று பாருங்கள். சூடு தெரியாமல் இருப்பதுதான் குற்றவாளி.

தகடு சிவப்பது: இதுதான் ஆபத்து. அறையை இருட்டாக்கிப் பாருங்கள். நடுவில் இழை ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்வது இயல்பு. கண்ணாடியின் உள்பக்கம் லேசான நீலம் தெரிவதும் இயல்புதான். இழையைச் சுற்றி இருக்கும் சாம்பல் நிறத் தகடு கொல்லன் உலை இரும்பு போலச் சிவந்தால் அந்த நொடியே அணைத்துவிட வேண்டும். விட்டால் வால்வோடு டிரான்ஸ்ஃபார்மரும் போய்விடும். உள்ளே ஊதா கலந்த ரோஜா நிற ஒளி நிறைந்தால் வால்வுக்குள் காற்றுக் கலந்திருக்கிறது. வால்வின் உச்சியில் கண்ணாடி போல இருக்கும் வெள்ளிப் பூச்சு பால் வெள்ளையாக மாறியிருந்தால் அந்த வால்வு செத்துவிட்டது, சோதிக்கவே வேண்டாம்.

மெக்கானிக் பார்க்க வேண்டியவை

வருடக் கணக்காகச் சும்மா கிடந்த செட்டை நேராகப் பிளக்கில் சொருகக் கூடாது. உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்கள் காய்ந்து போயிருக்கும். முழு வோல்ட்டேஜ் திடீரென்று ஏறினால் வெடிக்கவும் செய்யும். நல்ல மெக்கானிக் முதலில் சீரிஸ் லேம்ப் போடுவார். 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு வழியாகக் கரண்ட் கொடுப்பது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், செட் தப்பித்துவிடும். ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்ல அறிகுறி.

பழைய செட்டில் முதலில் மாற்ற வேண்டியது ஃபில்டர் கண்டன்சர். வோல்ட் அளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையவே கூடாது. ரெக்டிஃபையரும் வால்வாக இருந்தால், இரைச்சல் போகட்டும் என்று முதல் கண்டன்சரை இஷ்டத்துக்குப் பெரிதாக்கக் கூடாது. போட்டவுடன் அது இழுக்கும் கரண்டைத் தாங்காமல் ரெக்டிஃபையர் போய்விடும்.

இரண்டாவது, சின்ன வால்வுக்கும் பெரிய வால்வுக்கும் நடுவில் இருக்கும் கப்ளிங் கண்டன்சர். பார்க்கச் சின்னது, செய்யும் அநியாயம் பெரியது. பாட்டை மட்டும் விட்டு நேர் மின்சாரத்தைத் தடுப்பது இதன் வேலை. பழைய பேப்பர் கண்டன்சர் சூட்டில் கசிய ஆரம்பித்தால், பெரிய வால்வின் வலைக்கு வரக்கூடாத பாசிட்டிவ் வோல்ட்டேஜ் வந்துவிடும். வால்வு கட்டுப்பாடு இழந்து கரண்டை இழுக்கும், பாட்டு நெரியும், தகடு சிவக்கும். மூன்றாவது பாட்டில் கரகரக்கிற அண்ணாச்சியின் செட்டில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

வால்வு குறையா, கண்டன்சர் குறையா என்று பிரித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. செட்டை அணைத்து, ஆறவிட்டு, இரண்டு பெரிய வால்வையும் இடம் மாற்றி வைக்க வேண்டும். சிவப்பு வால்வோடு இடம் மாறினால் வால்வில் குறை. சிவப்பு அதே சாக்கெட்டில் நின்றால் வால்வு நிரபராதி. அந்தச் சாக்கெட்டுக்கு வரும் கண்டன்சரையும் பயாஸையும் பார்க்க வேண்டும். இந்தச் சோதனை செய்யாமல் ‘நாலு வால்வும் மாத்தணும்' என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். கசியும் கண்டன்சரோடு புது வால்வு போட்டால் அதுவும் அடுத்த கொடைக்குள் போய்விடும்.

சத்தம் மட்டும் குறைந்து, சுத்தமாக இருந்தால் சின்ன வால்வுகளின் கேத்தோடு பக்கம் இருக்கும் சிறு எலக்ட்ரோலிட்டிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். அது காய்ந்தால் பெருக்கம் குறையும். மிகச் சின்னச் செலவில் தீரும் குறை இது.

கடைசியாகத்தான் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். கரண்ட் இல்லாமல், நடு முனைக்கும் இரண்டு பெரிய வால்வின் தகட்டு முனைக்கும் மீட்டர் வைத்தால் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு காட்ட வேண்டும். ஒரு பக்கம் ஒன்றும் காட்டவில்லை என்றால் சுற்று அறுந்திருக்கிறது. மறுசுற்று செய்யலாம். ஆனால் சாதாரண மோட்டார் காயில் கட்டுகிற கணக்கு இதற்கு ஆகாது. பழைய சுற்றைப் பிரிக்கும்போதே எத்தனை அடுக்கு, ஒவ்வொன்றிலும் எத்தனை சுற்று என்று எண்ணி, அதே வரிசையில் கட்டுகிறவரிடம் மட்டும் கொடுங்கள். வரிசை மாறினால் செட் பாடும். பழைய சத்தம் திரும்பாது.

வால்வு வாங்கும்போது

இந்தியாவில் செய்த வால்வு இப்போது பழைய சரக்காகத்தான் கிடைக்கும். புதிது வேண்டும் என்றால் பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா மூன்றிலிருந்துதான் வர வேண்டும். 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியபோது உலகம் முழுக்க வால்வு விலை ஏறியதற்குக் காரணம் அதுதான்.

பெரிய வால்வை ஜோடி பொருத்திய செட்டாக வாங்குங்கள். கால் பொருந்துகிறது என்பதற்காக ஒன்றுக்குப் பதில் இன்னொன்று போடக் கூடாது. இஎல் 34-ம் 6எல்6-ம் ஒரே சாக்கெட்டில் உட்காரும். ஆனால் முன்னதன் இழை 1.5 ஆம்பியர் இழுக்கும், பின்னது 0.9 ஆம்பியர்தான். 6எல்6 செட்டில் இஎல் 34 போட்டால் பவர் டிரான்ஸ்ஃபார்மர் திணறும். இரண்டுக்கும் பயாஸ் அளவும் வேறு, முதல் காலின் இணைப்பும் வேறு.

புது வால்வு போட்டதும் பயாஸ் அளக்கச் சொல்லுங்கள். இஎல் 34-ன் தகடு தாங்கும் உச்சம் 25 வாட். பாட்டு இல்லாமல் சும்மா நிற்கும்போது அதில் 70 சதவீதத்தைத் தாண்டாமல் வைப்பது வழக்கம். தகட்டில் 430 வோல்ட் இருந்தால் வால்வுக்கு 40 மில்லி ஆம்பியர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 17 வாட் சொச்சம் வரும். இந்த ஒரு எண்ணை எழுதி வாங்கி வைத்துக்கொண்டால் அடுத்த முறை எந்த மெக்கானிக்குக்கும் வேலை சுலபம்.

செலவழிக்கலாமா?

வயர், எர்த், கன்ட்ரோல், கண்டன்சர் வரை என்றால் யோசிக்காமல் செய்யலாம். ஒரு ஜோடி வால்வு என்றால், செட்டை வருடத்துக்கு நான்கு தடவையாவது போடுகிறவருக்குக் கட்டுப்படியாகும். இரண்டு டிரான்ஸ்ஃபார்மரும் போய்விட்டது என்றால் நிதானமாக யோசியுங்கள். அப்போதும் இரும்புக் கடைக்குப் போட வேண்டாம். அதில் நல்ல நிலையில் இருக்கும் வால்வும் சாக்கெட்டும் இன்னொருவர் செட்டைப் பிழைக்க வைக்கும்.

செட் சரியானதும் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. வருடத்தில் 15 நாட்களுக்கு மிகாமல் திருவிழா நாட்களில் மட்டும் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு விலக்குத் தரலாம். குடியிருப்புப் பகுதியில் பகல் அளவு 55 டெசிபல், இரவு 45. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. கூம்புக் குழாய்க்குப் பல இடங்களில் காவல்துறை அனுமதி தருவதே இல்லை. முன்கூட்டியே ஸ்டேஷனில் கேட்டுக்கொள்வது நல்லது. சேகரிப்பவர்கள் பலர் இப்போது வீட்டுக்குள்ளேயே ஒரு பெட்டி ஸ்பீக்கரை மாட்டி, வால்வு செட்டில் மெதுவாகப் பாட்டுக் கேட்கிறார்கள். வால்வுக்கும் அது நல்லது. நரம்பு முறுக்கிக் கத்தாத தொண்டை நாள்பட உழைக்குமே!

கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் ஒரு துண்டுச் சீட்டில் நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள்: குறை போட்ட உடனேயா, சூடான பிறகா; வால்யூம் பூஜ்யத்திலும் இரைச்சல் இருக்கிறதா; வேறு ஸ்பீக்கரில், வேறு வயரில் போட்டுப் பார்த்தாயிற்றா; எந்த வால்விலாவது தகடு சிவந்ததா. இந்த நான்குக்கும் பதில் தெரிந்து வருகிறவரின் செட்டை மெக்கானிக் தேவையில்லாமல் பிரிக்க மாட்டார். பில்லும் பாதியாகக் குறையும்.

அடுத்த வாரம்: தையல் மெஷினில் நூல் அடிக்கடி அறுந்தால் எங்கே பார்க்க வேண்டும்?